பேஸ் கிற்றாரும் நித்திய சாதகமும்

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





பேஸ் கிற்றார் பயில்வது எவ்வாறு என்பதே எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். தலைப்பு அறிவிக்கப்பட்டதும் பின்வரிசையில் சிலர் கைதட்டினர். முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டனர். இந்து இளைஞர் மன்றத்து மேடையிலே இந்த வாத்தியத்துக்கு என்ன வேலை என்னும் ஐயம் அப்பார்வையில் இருந்தது. நியாயமான ஐயந்தான். ஆகவே அதற்கு முதலில் விடை கூறிவிட்டு மேலே செல்கிறேன்.

கர்நாடக சங்கீதக் கச்சேரியிலே வயலின் இல்லாத மேடையைக் காண்பது இன்று அரிது. அந்த வயலின் மேனாட்டிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் அதனைக் கற்று, நமது இசைக்கு இசையுமாறு வாசித்துக் காட்டினார். நமக்கு அண்மைக் காலத்திலே மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்சார மாண்டலினையும், கத்ரி கோபால்நாத் (1949–2019) சாக்ஸபோனையும் கோயில் விழாக்களில் வாசித்தபோது, இவை எந்த நாட்டு வாத்தியங்கள் என்று எவரும் எழுந்து போய்விடவில்லை. பேஸ் கிற்றாருக்கும் அவ்வளவு இடம் கொடுத்தாற் போதும்.

இனி, அது எத்தகைய வாத்தியம்? சாதாரணக் கிற்றாருக்கு ஆறு தந்திகள். இதற்குப் பெரும்பாலும் நான்கே. அவை தடித்தவை, நீண்டவை. கிற்றாரின் கீழ்த்தந்திகள் நான்கிற்கும் ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டப்படுபவை. ஈ, ஏ, டி, ஜி என்பன அவற்றின் பெயர்கள். எல்லாவற்றிலும் தாழ்ந்த ஈ தந்தி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. முற்காலத்தில் இவ்வேலையைச் செய்தது ஆளுயரத்துக்கும் மேற்பட்ட டபுள் பேஸ் என்னும் வாத்தியம். அதைச் சுமந்து திரிவதோ பெரும்பாடு. 1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர், மெட்டுகள் பதித்த, தோளில் மாட்டக்கூடிய மின்சார பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மெட்டுகள் வீணையில் இருப்பது போன்றவையே.

நான் பயின்ற மிஷன் பாடசாலையிலே பாடகர் குழுவில் நான்கு குரல்கள் உண்டு. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்பர். கேட்போர் நினைவில் நிற்பது மேற்குரலின் மெட்டு. ஆனால் கீழ்க்குரல் பாடும் நால்வர் ஒருநாள் வராவிட்டால் மண்டபத்தில் இருப்போர் அனைவருக்கும் ஏதோ குறைகிறது என்று தெரியும், எது குறைகிறது என்பதுதான் தெரியாது. பேஸ் கிற்றாரின் இயல்பும் அதுவே. நமது மேடையில் தம்புரா சுருதியைப் பிடித்திருக்கிறது, மிருதங்கத்தின் தொப்பி தாளத்தின் அடியைக் காக்கிறது. இவ்விரு பொறுப்புகளையும் ஒருங்கே ஏற்று, பாட்டோடு நடந்து செல்லும் வாத்தியம் பேஸ் கிற்றார் என்று ஒருவாறு கூறலாம்.

1976 இல் ‘அன்னக்கிளி’யுடன் திரைக்கு வந்த இளையராஜாவின் பாடல்களை நாம் எல்லோரும் அறிவோம். அவற்றிலே பேஸ் கிற்றார் பல இடங்களில் தனியொரு பாடகர் போலத் தன் வழியே பாடிக்கொண்டு செல்கிறது. இதைப் பலர் கேட்டதேயில்லை. கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கி அத்தாழ்ந்த நாதங்களைச் சரிவர வெளியிடாது என்பதே காரணம். காதில் மாட்டும் கருவியை வைத்துக்கொண்டு, தெரிந்த பாட்டொன்றை இன்றிரவு மீண்டும் கேட்டுப் பாருங்கள். வாத்தியம் வாங்குமுன் செய்யவேண்டிய முதற் பயிற்சி அது. செலவும் இல்லை.

இப்பொழுது பயிலும் முறைக்கு வருகிறேன். கோயிற் கிரியைகளை நித்தியம், நைமித்திகம் என இரண்டாகப் பிரிப்பது பெரியோர்கள் அறிந்தது. நாள்தோறும் நடப்பது நித்தியம். விசேட தினங்களில் நடப்பது நைமித்திகம். கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்துத் திருவிழாவைக் காண நகரமே திரளும். விடியற்காலைப் பூசைக்கு வருவோர் சிலரே. ஆயினும் நித்தியம் நில்லாது நடக்கிற கோயிலிலேதான் திருவிழாவும் சோபிக்கும். நமது நகரத்துத் தலதா மாளிகையையும் பாருங்கள். எசல பெரஹராவின் மேளத்தைக் கேட்க உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அங்கே ஆண்டு முழுவதும், தினம் மூன்று வேளை வழிபாட்டிலும் மேளம் ஒலிக்கிறது. மழைநாளிலே நாலைந்து பேர் மாத்திரம் நிற்கும்போதும் அது ஒலிக்கிறது. வீதியில் பெரஹரா வரும்போது நாம் வியக்கும் அந்தக் கை, தினந்தினம் அடித்துப் பழகிய கை.

நமது இளைஞர்களிடம் நான் காண்பது இதற்கு மாறானது. கலைவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கிற்றாரை எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாசித்து விரல்நுனி புண்ணாகிறது. அடுத்த ஆறு நாளும் அது சுவரில் தொங்குகிறது. விழா முடிந்ததும் அலுமாரியின் மேலே ஏறுகிறது. பிறகு, “எனக்குச் சங்கீத ஞானம் பிறவியிலேயே இல்லை” என்று ஒரு தீர்ப்பு.

இத்தீர்ப்பைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். ஞாயிறு ஒருநாள் மூன்றரை மணிநேரம் வாசிப்பவனும், தினம் அரைமணி வாசிப்பவனும் வாரத்தில் செலவிடும் நேரம் ஒன்றே. பலன் ஒன்றல்ல. இங்கிலாந்தில் தபாற்காரர்களுக்குத் தட்டச்சுப் பழக்கியபோது செய்த ஆராய்ச்சியொன்று 1978 இல் வெளிவந்தது. செய்தவர்கள் படேலி, லோங்மன் என்னும் இருவர். ஒரு பகுதியினர் நாளுக்கு ஒரு மணிநேரம் பயின்றனர். வேறொரு பகுதியினர் நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணிநேரமாகப் பயின்றனர். விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள முதற் பகுதியினருக்கு ஏறத்தாழ 35 மணிநேரம் போதுமாயிருந்தது. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 50 மணிநேரம் பிடித்தது. விரலுக்குக் கற்பிப்பதில் இடைவெளியும் உறக்கமும் ஆசிரியரின் வேலையிற் பாதியைச் செய்கின்றன என்றே நான் இதைக் கொள்கிறேன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பல பகுதியினருள் தங்கள் பயிற்சியைப் பற்றி மிகவும் குறைப்பட்டுக்கொண்டவர்கள் நாளுக்கு ஒரு மணிநேரம் பயின்றவர்களே! மணிக்கணக்கு குறைந்தாலும் நாட்கணக்கு நீண்டதல்லவா? ஆகவே சிறுகச் சிறுகப் பயில்பவனுக்கு ‘நான் முன்னேறவில்லை’ என்ற எண்ணம் வரவே செய்யும். அந்த எண்ணத்தை நம்பி வாத்தியத்தை விற்றுவிடக் கூடாது.

பத்தாயிரம் மணிநேரம் பயின்றாலன்றி வித்தை வராது என்ற கதையும் இன்று பரவியிருக்கிறது. 1993 இல் எரிக்சன் முதலியோர் பேர்லின் நகர வயலின் மாணவர்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியில் வந்த எண் அது. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் பயின்ற நேரத்தின் சராசரி மாத்திரமே அது. 2008 இல் மல்கம் கிளாட்வெல் எழுதிய நூல் அதனை ஒரு விதியாக்கி ஊரெங்கும் பரப்பிவிட்டது. தினம் அரைமணியாகப் பத்தாயிரம் மணி சேர்க்க ஐம்பத்துநான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் பின்வரிசைக்காரர்கள் எல்லோரும் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள்! மன்றத்துப் பஜனைக்கும் கலைவிழாவுக்கும் அவ்வளவு வேண்டியதில்லை. ஒழுங்காக ஓராண்டு பயின்றால் 180 மணிநேரத்துக்கு மேல் சேர்ந்துவிடும். அதைக்கொண்டு ஒரு பாட்டைத் தொடக்கம் முதல் முடிவுவரை தாளம் தவறாமல் தாங்கிச் செல்லலாம்.

அந்த அரைமணியில் என்ன செய்வது? சுருதி கூட்டியதும் முதல் ஐந்து நிமிடம் இடதுகைக்கு வேலையில்லை. வலதுகையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி, வெறுந்தந்தியை மீட்டவேண்டும். நிமிடத்துக்கு 60 என்று மெற்றனோமை வைத்துக்கொள்க. கைத்தொலைபேசியில் அது இலவசமாகக் கிடைக்கிறது. நாதம் எப்போது தொடங்குகிறது என்பதைப் போலவே எப்போது நிற்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். மீட்டாத தந்திகள் தாமாகவே முனகும். அவற்றை மற்ற விரல்களால் தொட்டு அடக்கப் பழகுவது பேஸில் பாதி வித்தை. இதனைச் சொல்லித்தருவோர் குறைவு.

அடுத்த பத்து நிமிடம் இடதுகைக்கு. பொதுவான பேஸ் கிற்றாரின் தந்தி நீளம் 34 அங்குலம். ஆதலால் முதல் மெட்டுக்கான இடைவெளி ஏறத்தாழ இரண்டு அங்குலம். புதியவரின் விரல்கள் அங்கே எட்டமாட்டா. ஐந்தாம் மெட்டின் அருகே அது ஒன்றரை அங்குலமாகக் குறைகிறது. அங்கே தொடங்கி, கை விரிந்தபின் கீழே வரலாம். விரலை மெட்டின் மேலே வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால் வைத்து அழுத்தினால் குறைந்த பலத்தில் தெளிந்த நாதம் வரும். மணிக்கட்டு நோகுமானால் உடனே நிறுத்துக. விரல்நுனி காய்ப்பது வேறு, மணிக்கட்டு நோவது வேறு.

எந்த வரிசையைப் பயில்வது என்று கேட்பீர்கள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையையே நான் பயில்கிறேன். மாயாமாளவகௌளையின் ஏழு ஸ்வரங்களும் இம்மெட்டுகளில் ஒழுங்காக அமைகின்றன. கமகம் எதிர்பார்க்கவேண்டாம். முதற் காலம், இரண்டாங் காலம், மூன்றாங் காலம் என்று நம் ஆசிரியர்கள் வைத்த படிமுறையைவிடச் சிறந்ததொன்றை நான் மேனாட்டுப் புத்தகங்களிலும் காணவில்லை. மூன்று நாள் தொடர்ந்து பிழையின்றி வந்தாலன்றி வேகத்தைக் கூட்டாதீர்கள். கூட்டும்போதும் 60 இலிருந்து 64 போதும். ஒரு கொப்பியிலே திகதியையும் வேகத்தையும் குறித்துவைத்தால், முன்னேறவில்லை என்ற மயக்கத்துக்கு அதுவே மருந்து. மிஞ்சிய நேரம் பாட்டுக்கு. முழுப்பாட்டு அல்ல, ஒரேயொரு வரி. கட்டைவிரலால் தந்தியை அறையும் வித்தையை முதல்நாளே பழக வேண்டுமென்று துடிக்கும் தம்பிமாருக்கு ஒரு செய்தி: டெட்ரோயிட் நகரில் மோட்டவுன் கம்பெனியின் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) வலதுகையில் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். பல ஆண்டுகள் இசைத்தட்டுகளில் அவர் பெயர்கூட அச்சாகவில்லை.

தேயிலைத் தோட்டங்களைச் சூழக் கொண்ட நமக்கு இது புதிதன்று. கொழுந்து ஏழெட்டு நாளுக்கொரு முறை சுற்று முறையாக எடுக்கப்படவேண்டும். ஒரு சுற்றுத் தவறினால் கொழுந்து முற்றிவிடும். பிறகு இரட்டிப்பாக உழைத்தாலும் அந்தத் தரம் வராது. அன்னையர் மழையிலும் பனியிலும் காத்துவரும் இவ்வொழுங்கு பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். கலஹாவிலும் தெல்தோட்டையிலும் ஹந்தானையிலும் சங்கீத ஆசிரியரைத் தேடிச் செல்ல வசதியற்ற பிள்ளைகள் பலர். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) தவிற்காரர் வீட்டில் பிறந்தார். மும்பையில் 1996 இல் பிறந்து, இன்று உலக மேடைகளில் பேஸ் வாசிக்கும் மோகினி டே என்னும் பெண்ணுக்கும் தந்தையே முதற் குரு. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பில்லை. அரைமணி உண்டு. “பிறவியில் இல்லை” என்ற சொல் அந்த அரைமணியையும் பறித்துவிடுகிறது. மோகினி டேயின் பெயரை நான் எடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு: நமது சகோதரிகள் ஏன் எப்போதும் பாடவும் ஆடவும் மட்டுமே அழைக்கப்படுகிறார்கள்?

சத்தம் தொந்தரவாகுமே என்று அஞ்சும் பெற்றோர்க்கு ஒரு நற்செய்தி. அம்பிளிபயரில் மாட்டாத பேஸ் கிற்றார் ஏறக்குறைய மௌன வாத்தியம். 2022 மார்ச் இறுதியிலே நாட்டில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். அவ்விருளிலே நான் பயின்றுகொண்டிருந்தேன். அடுத்த அறையில் பாட்டியார் உறங்கிக்கொண்டிருந்தார். வாத்தியத்தின் உடலை அலுமாரிக் கதவோடு அணைத்துப் பிடித்தால் வாசிப்பவருக்குப் போதிய நாதம் கேட்கும்.

விலைதான் தடை. அதே ஆண்டில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபின், இறக்குமதியாகும் வாத்தியமொன்று பல குடும்பங்களுக்குப் பலமாதச் சேமிப்பாகிவிட்டது. ஆகவே ஒரு வேண்டுகோளை இச்சபையின் முன் வைக்கிறேன். மன்றம் ஒரேயொரு பேஸ் கிற்றாரை, பழையதாயினும் சரி, வாங்கட்டும். மாலை நாலரை மணி முதல் ஏழரை மணிவரை மண்டபம் திறந்திருந்தால், ஆளுக்கு அரைமணியாக ஆறு பேர் தினமும் பயிலலாம். அம்பிளிபயர் வேண்டாம். பெயர்களை எழுத ஒரு கொப்பி வேண்டும். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இடையூறாகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில் வருவோருக்குச் சுருதி கூட்டவும் விரல் வைக்கவும் நானே காட்டித்தருகிறேன். பேராதனையிலிருந்து பஸ்ஸில் வர அதிக நேரமாகாது. மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருப்பது என்பதைப் பெரியோர்களாகிய நீங்களே தீர்மானித்துச் சொல்லவேண்டும்.