‘நகராண்மை’ என்னும் சொல்லும் பினாங்குத் தீவும்



நாம் கூடியிருக்கும் பத்துமலையின் பெயரிலுள்ள ‘பத்து’ எண்ணுப்பெயரன்று. கல்லைக் குறிக்கும் ‘பாத்து’ என்ற மலாய்ச் சொல்லே தமிழர் நாவில் அவ்வாறு திரிந்தது. பினாங்கிலோ, அருவி வீழும் மலைச்சாரலைத் ‘தண்ணீர்மலை’ எனத் தமிழிலேயே அழைத்தனர். இப்பெயர்களை எந்த மன்றமும் தீர்மானம் இயற்றித் தரவில்லை; மக்கள் வழங்கினர், அவை நிலைத்தன.

ஊராளும் அமைப்புக்கு நாம் வழங்கும் ‘நகராண்மைக் கழகம்’ என்ற பெயரும் பொருள் செறிந்தது. ‘ஆள்’ என்னும் வேரோடு ‘மை’ சேர, ளகரம் ணகரமாகி ‘ஆண்மை’ ஆயிற்று. வேளாண்மை, மேலாண்மை ஆகிய சொற்களும் இவ்வாறு அமைந்தவையே. நகராண்மை என்றால் நகரை ஆளுதல். ஆள்வோர் யார் என்பதே வினா.

அதற்கு விடை காணப் பினாங்குத் தீவின் வரலாறு துணைசெய்யும். நடுவே குன்றுகள் நிறைந்த தீவு அது. பெருநிலத்தை நோக்கிய வடகிழக்குச் சமவெளி முனையில் 1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய குடியேற்றம் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. குன்றுகளுக்கு அப்பால், பாலிக் பூலாவ் பக்கம் நாட்டுப்புறமாகவே நின்றது. ஆகவே ஒரே தீவில் நகருக்கொரு மன்றமும் நாட்டுப்புறத்துக்கொரு மன்றமும் இயங்கின.

நகருக்கு 1857இல் நகராண்மை ஆணையம் அமைந்தது. 1951 டிசம்பரில் மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் அங்கேதான் நடந்தது. பதினைந்து இடங்களில் ஒன்பதை மக்கள் வாக்களித்து நிரப்பினர். 1957 சனவரி 1ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் அதன் மேயராக விளங்கினார்.

1965இல், இந்தோனேசிய மோதலைக் காரணங்காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டே மாநகர் மன்றத்தின் பணிகளை மாநில அரசு ஏற்றது. பின்னர் 1970களில் நகர மன்றமும் நாட்டுப்புற மன்றமும் இணைக்கப்பெற்றுத் தீவு முழுமைக்கும் ஒரே நகராண்மைக் கழகம் உருவாயிற்று. 2015இல் அதுவும் மறைந்து, தீவு முழுவதும் மாநகராயிற்று. எல்லை விரிந்தது, தகுதி உயர்ந்தது. வாக்குச்சீட்டு மட்டும் திரும்பவில்லை.

உள்ளாட்சி மன்றங்களை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் உறுப்பினர் நியமனத்தை மாநில அரசிடமே விட்டது.

இணைப்பை நான் குறைகூறவில்லை. ஒரு தீவுக்கு ஒரு நிர்வாகம் என்பது நியாயமே. ஆயின், ஒரு சொல்லின் வடிவம் நிற்கப் பொருள் நீங்குவதை மொழியியலார் அறிவர். நகராண்மையிலும் அதுவே நிகழ்ந்தது. இப்பத்துமலையும் செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் உள்ளது. இங்குக் குப்பை அள்ளுவதும் வடிகால் காப்பதும் அதன் கடமை. அதன் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ நமக்கில்லை.

மலைக்குப் பெயர் வழங்க நம் முன்னோர் எவரிடமும் இசைவு கேட்கவில்லை. நகராண்மை என்னும் சொல்லுக்கு அதன் பொருளை மீட்டுத் தருமாறு கேட்பது நம் கடமை.