இறங்கும் முன் தோணிக்காரரைக் கேளுங்கள்



என் அக்கா மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் அவளும் மாப்பிள்ளையுமாக மாலத்தீவு போகிறார்கள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "சித்தி, அங்கே திருட்டு பயம் உண்டா? நகையை வீட்டிலேயே வைத்துவிடட்டுமா?" என்று கேட்டாள். "நகையை வைத்துவிட்டே போ. ஆனால் நீ பயப்பட வேண்டியது திருடனுக்கு இல்லை, இடுப்பளவு தண்ணீருக்கு" என்றேன். விழித்தாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மாலத்தீவு நமக்குப் புதிய ஊர் இல்லை. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு போய்வந்த ஊர். இடித்துச் சம்பலில் போடுகிற மாசிக் கருவாட்டுக்குப் பேர்போன ஊர். அவர்கள் மொழியிலும் படகுக்குப் பெயர் தோனிதான். மொத்தம் ஏறத்தாழ 1,200 தீவுகள். உள்ளூர் மக்கள் குடியிருப்பது சுமார் 200 தீவுகளில்.

இந்தத் தீவுகள் பவளப்பாறை வளையங்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வளையத்துக்கு உலகம் முழுக்க வழங்கும் 'அட்டோல்' என்ற சொல்லே அவர்களுடைய திவேஹி மொழி கொடுத்ததுதான். வளையத்துக்குள் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். கீழே கிடக்கும் சிப்பியை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. நம்மை ஏமாற்றுவதே அந்தத் தெளிவுதான். மணலில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே போவீர்கள். பிறகு பாறை. அதன் விளிம்பு தாண்டினால் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, கருநீலமாக ஆழம் இறங்கிவிடும்.

வளையத்தில் ஆங்காங்கே வாசல்கள் உண்டு. கடல் ஏறும்போது வெளித்தண்ணீர் அவற்றின் வழியே உள்ளே பாயும். வற்றும்போது அதே வழியாக வெளியே ஓடும். நம் மீனவர்கள் நீவாடு என்பார்களே, அந்த ஓட்டம் வாசலருகே அசுர வேகம் எடுக்கும். மேலே அலையே இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் அங்கே போனபோது நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மீன் பார்க்க எங்களைக் கூட்டிப்போன தோணிக்காரர், வயதானவர், எஞ்சினை நிறுத்தினார். நாங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதிக்கத் தயாராக நிற்கிறோம். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கிடந்த தென்னங்கீற்றில் ஒரு துண்டைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். அது நின்ற இடத்தில் நிற்கவில்லை, யாரோ கயிறு கட்டி இழுப்பது போலப் படகின் பின்பக்கமாக நழுவிப் போனது. பேசாமல் மறுபடி எஞ்சினைப் போட்டு, பாறையின் மறுபக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே போட்ட துண்டு அப்படியே மிதந்தது. அதன்பிறகுதான் இறங்கச் சொன்னார்.

அதனால், உங்கள் தீவில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் இறங்கலாம் என்று அங்கே தினமும் கடலில் இருக்கிறவரைக் கேளுங்கள். கேட்காமல் இறங்காதீர்கள். நீந்துவதாக இருந்தால் போகும்போது ஓட்டத்தை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே கொண்டுவந்து சேர்க்கும். இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தி மூச்சை வீணாக்கக் கூடாது. மல்லாந்து மிதங்கள், ஓட்டத்துக்குக் குறுக்காக நகரப் பாருங்கள், கையைத் தூக்கி ஆட்டுங்கள், விசில் ஊதுங்கள். ஆமாம், கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் விசில். சின்னச் சாமான்தான். ஆனால் கத்தினால் கேட்காத தூரத்துக்கும் அது கேட்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்து மீன் பார்ப்பவரும், மயங்கி மிதப்பவரும் கரையிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். மயங்கியவர் கத்தமாட்டார், கையை அடிக்கமாட்டார். சத்தமே இல்லாமல் முடிந்துபோகும். எனவே தனியாக இறங்கவே வேண்டாம். ஒருவர் பார்க்கும்போது இன்னொருவர் தலையைத் தூக்கி அவரைப் பார்க்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் போட வெட்கப்படாதீர்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். விமானம் விட்டு இறங்கிய அன்றே, தூக்கம் கெட்ட உடம்போடு கடலுக்குப் போகவும் வேண்டாம்.

கரையில் கவனிக்க வேண்டியது குறைவு. மாலத்தீவு இஸ்லாமிய நாடு. மது பாட்டில், பன்றியிறைச்சி, வழிபாட்டுக்கான சிலை எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. ஊர் மக்கள் வாழும் தீவுகளில் நீச்சலுடையை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டுமே அணியலாம். இ-சிகரெட்டை நாட்டுக்குள் கொண்டுவர 2024 நவம்பரிலேயே தடை வந்துவிட்டது. 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் சிகரெட்டே வாங்கவோ புகைக்கவோ கூடாது என்று 2025 நவம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது. சுற்றுலாப் பயணிக்கும் அது பொருந்தும். அழகாக இருக்கிறதே என்று பவளத்துண்டை எடுத்து வராதீர்கள். டெங்கு உண்டு, அந்தக் கொசு பகலில் கடிக்கும்.

ஆம்புலன்ஸுக்கு 102, போலீசுக்கு 119, கடலோரக் காவல்படைக்கு 191. போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளில் எழுதிப் பர்சில் வையுங்கள். தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் படகிலோ விமானத்திலோதான் போக வேண்டும். செலவு பெரிது. பயணக் காப்பீடு எடுக்கும்போது கடல் விளையாட்டுகளும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தீவுகளுக்குக் கொண்டுபோகும் நீர்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். அதில் போக இருப்பவர்கள் அந்திக்குப் பிறகு தலைநகர் மாலேயில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்க வேண்டிவரும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மகள் முறைக்காரி, பயணத் திட்டத்தை என் முன்னால் விரித்தாள். கடைசி நாள் மாலை சிலிண்டர் மாட்டி ஆழத்தில் இறங்குவது, மறுநாள் காலை விமானம் என்று போட்டிருந்தது. ஆழத்தில் மூச்சுவிடும்போது ரத்தத்தில் நைட்ரஜன் கரைந்து தங்கும். அது வெளியேறுவதற்குள் விமானத்தில் ஏறினால், அங்கே காற்றழுத்தம் குறையும்போது உடம்புக்குள் குமிழியாகக் கிளம்பி மூட்டையும் நரம்பையும் தாக்கும். ஒரு முழு நாள் இடைவெளி விடுவது நல்லது என்றேன். அங்கேயே போனை எடுத்து, ஆழத்தில் இறங்குவதை இரண்டாம் நாள் காலைக்கு மாற்றினாள். போகும்போது என் மேஜையிலிருந்த விசிலையும் எடுத்துக்கொண்டு போனாள்.