ஆண்டுக்கு ஒரு வெட்டு



தோட்டம் என்றதும் நமக்குப் பூவும் காயும் கனியும்தான் நினைவுக்கு வரும். புல் என்றால் ஒன்று களை, இல்லாவிட்டால் மாட்டுத் தீவனம். மிஞ்சிப்போனால் பங்களா வாசலில் ஒட்ட வெட்டிய புல்தரை. ஆளுயரத்துக்கு மேல் வளரும் ஒரு புல்லை, அழகுக்காகவே தோட்டத்தின் நடுவில் வைத்து ஆண்டுக்கணக்காகப் பேணுகிற கலை ஒன்று இருக்கிறது. அந்தக் கலை எப்படிப்பட்டது, அதில் எது தேர்ச்சி, எது குறை என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருக்கும் புல்லை ஜப்பானியர் சுசுகி என்பார்கள். கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாவரவியலார் வைத்த பெயர் மிஸ்காந்தஸ் சினென்சிஸ். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளில் தானாக முளைத்து வளர்வது. கரும்புக்கும் நம் ஆற்றங்கரை நாணலுக்கும் இது நெருங்கிய சொந்தம். ஆகவே கரும்புக் காட்டில் இறங்கிப் பழகியவர்களுக்கு இதன் உடல்வாகு புதிதாக இராது. நடுவில் வெள்ளை நரம்பு ஓடும் நீளத் தோகை, கையைக் கிழிக்கும் தோகை ஓரம், ஒரே தூரிலிருந்து குத்தாக எழும் தண்டுகள். கரும்பின் பருமன் மட்டும் கிடையாது. ஐந்தடி முதல் எட்டடி வரை போகும். கோடை கழிந்து இலையுதிர் காலம் நெருங்கும்போது உச்சியில் கதிர் விரியும். முதலில் செம்பழுப்பு; விதை முற்ற முற்ற வெள்ளி.

இந்தப் புல்லை ஜப்பானியர் கொண்டாடுவது நேற்று வந்த பழக்கமல்ல. எட்டாம் நூற்றாண்டுத் தொகைநூலான மன்யோஷுவில், இலையுதிர் காலத்துக்குரிய ஏழு மலர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. யமனோஉவே நோ ஒகுரா என்ற கவிஞர் வகுத்தது. அந்த ஏழில் இந்தப் புல்லும் ஒன்று. இலையுதிர் காலத்து முழுநிலவை வழிபடும் இரவில், அரிசிமாவு உருண்டைகளுக்குப் பக்கத்தில் இதன் கதிர்களை ஜாடியில் வைப்பது இன்றைக்கும் வழக்கம்.

கதிரைக் கொண்டாடிய அதே மக்கள் தாளையும் வீணாக்கவில்லை. அதைக் கொண்டு கூரை வேய்ந்தார்கள். ஷிரகவா-கோ, கொகயமா ஆகிய மலைக் கிராமங்களின் செங்குத்தான கூரை வீடுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்; 1995இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கூரைகள் இந்தப் புல்லாலும் இதன் நெருங்கிய இனங்களாலும் வேயப்பட்டவை. ஒரு வீட்டுக் கூரையை மாற்ற ஊரே கூடி வேலை செய்யும். அதற்குப் புல் வேண்டுமே? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புல்வெளி இருந்தது. ஆண்டுதோறும் அதை அறுத்தார்கள், அல்லது தீயிட்டுக் கொளுத்தினார்கள்.

இந்தக் கலையின் சூட்சுமமே இந்த அறுப்பில்தான் இருக்கிறது. அறுக்காமல் விட்டால் புல்வெளி நிலைக்காது. முதலில் புதர் வரும், பிறகு பைன் போன்ற மரங்கள் எழும், கடைசியில் நிழல் விழுந்து புல் செத்துப்போகும். ஓட்டுக் கூரைகளும் தகரக் கூரைகளும் வந்து தாளுக்குத் தேவை குறைந்தபோது, ஜப்பானின் புல்வெளிகள் பெரிதும் சுருங்கியது இப்படித்தான். இன்று ஹக்கோனே மலையில் செங்கொகுஹராவிலும், நாரா பகுதியில் சோனி மேட்டிலும் இலையுதிர் காலத்தில் கூட்டம் அலைமோதுகிறது. அங்கே மக்கள் பார்த்து மகிழும் வெள்ளிக் கதிர்கள், குளிர்கால முடிவில் அந்த வெளிக்குத் தீவைத்ததன் பலன். தீயும் அரிவாளும் போகாத இடத்தில் இந்த அழகு இல்லை.

வெட்டினால் எப்படிப் பிழைக்கிறது? கரும்பை அடியோடு வெட்டிய பிறகு மறுதாம்பு கிளம்புகிறதே, அதே உறவுக் குணம்தான். அடுத்த ஆண்டுக்கான மொட்டுகள் மண்ணை ஒட்டித் தூருக்குள் ஒளிந்திருக்கும். மேலே இருப்பது காய்ந்த தாள் மட்டுமே. அது போனால் வெயில் தூருக்குள் இறங்கும். புதுத் துளிர் தடையின்றி எழும்.

ஐரோப்பாவுக்கு இந்தப் புல் 19ஆம் நூற்றாண்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. குறுக்கே மஞ்சள் பட்டை விழுந்த வகை, வெள்ளைக் கோடு ஓடும் வகை, மெல்லிய தோகை வகை என்று தோகைக்காகவே வளர்த்தார்கள். வட ஐரோப்பாவில் ஒரு சிக்கல் இருந்தது. இது வெப்பத்தை விரும்பும் புல். அங்கே கோடை குறுகியது. கதிர் வருவதற்குள் உறைபனி விழுந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் எர்ன்ஸ்ட் பாகெல்ஸ் என்ற ஜெர்மானிய நாற்றங்கால்காரர். 1913இல் பிறந்தவர், லேயர் என்ற சிறு நகரில் தொழில் நடத்தினார். போட்ஸ்டாமில் இருந்த கார்ல் ஃபோர்ஸ்டரின் மாணவர். தோட்டங்களில் புல்லுக்கும் பெரணிக்கும் இடம் கேட்டு 1957இல் தனிப் புத்தகமே எழுதியவர் அந்த ஃபோர்ஸ்டர். பாகெல்ஸ் இந்தப் புல்லைக் கண்ணாடிக் குடிலின் வெப்பத்தில் கதிர்விட வைத்து விதை எடுத்தார். அந்த நாற்றுகளில் முந்திக் கதிர்விடுபவற்றைத் தேர்ந்து, பிறகு அவற்றிலிருந்தும் தேர்ந்து, பல்லாண்டுகள் உழைத்தார். மாலெபார்ட்டுஸ், கிராட்சியெல்லா, ஃபிளமிங்கோ, க்ளைனெ ஃபோன்டேனெ என்று அவர் தந்த வகைகள் இன்றும் நாற்றங்கால்களில் விற்கின்றன. நெதர்லாந்தின் பியட் ஊடோல்ஃப் போன்ற வடிவமைப்பாளர்கள் புல்லை வைத்துத் தோட்டம் முழுவதையும் அமைத்தார்கள். காய்ந்த தாளையும் கதிரையும் குளிர்காலம் முழுக்க வெட்டாமல் நிறுத்திவைப்பது அவர்கள் கொண்டுவந்த மாற்றம். பூ உதிர்ந்ததும் தோட்டத்தைத் துப்புரவாக்கிவிட வேண்டும் என்ற பழைய ஒழுங்கை அவர்கள் கைவிட்டார்கள். அதில் அழகும் உண்டு, பயனும் உண்டு. நிற்கும் தாள் தூரைக் குளிரிலிருந்து காக்கிறது. பூச்சிகளுக்கும் சிறு பறவைகளுக்கும் ஒதுங்க இடம் தருகிறது.

வளர்க்கும் முறை எளிது. நல்ல வெயில் வேண்டும்; நிழலில் தண்டு சாயும். சாதாரண மண் போதும். நம்மவர்கள் பாசத்தில் செய்யும் பிழை உரத்தை அள்ளிப்போடுவது. தழைச்சத்து கூடினால் புல் கொழுத்துக் காற்றுக்கு விழும். முதல் ஆண்டு தண்ணீர் தவறக்கூடாது. வேர் பிடித்த பிறகு இது ஓரளவு வறட்சியைத் தாங்கும். குளிர் நாடுகளில் வசந்தத்தில் நடுவதே நல்லது. குத்துக்குக் குத்து மூன்றடியாவது விடவேண்டும். நட்ட ஆண்டில் பெரிதாக எதிர்பார்க்கக்கூடாது. மூன்றாவது ஆண்டில்தான் இதன் முழுத் தோற்றம் தெரியும்.

இனி அந்த ஒரு வெட்டு. குளிர்காலம் முடியும் தறுவாயில், புதுத் துளிர் தலைகாட்டும் முன்னால் வெட்ட வேண்டும். முந்தினால் தூர் குளிரில் வாடும். பிந்தினால் பழைய தாளோடு புதுத் துளிரின் நுனியும் அறுபடும். அந்த மொட்டைத் தோகை கோடை முழுக்கக் கண்ணை உறுத்தும். வெட்டும் முன், நெற்கதிர்க் கட்டைக் கட்டுவதுபோலக் குத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டால் தாள் சிதறாது. கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். அரை அடித் தாளை விட்டு அறுக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்துத் தூரின் நடுப்பகுதி செத்து, புல் வளையமாக நிற்கும். அப்போது வசந்தத்தில் தூரைத் தோண்டி, ரம்பத்தாலோ கோடரியாலோ பிளந்து, உயிருள்ள வெளித்துண்டுகளை மீண்டும் நடுவார்கள். தூர் கல்லாக இறுகியிருக்கும். ஒரு ஆள் தனியாகச் செய்கிற வேலையல்ல.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். காய்ந்த குத்து எளிதில் தீப்பிடிக்கும். வீட்டுச் சுவரை ஒட்டி நடக்கூடாது. அதைவிடப் பெரியது விதை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தோட்டங்களிலிருந்து தப்பிய இந்தப் புல், சாலையோரங்களிலும் கைவிட்ட நிலங்களிலும் பரவி, ஆக்கிரமிப்புத் தாவரம் என்று பெயரெடுத்துவிட்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே வகை தனியாக நின்றால் தன் மகரந்தத்தால் அது அதிகம் விதை பிடிப்பதில்லை. அழகழகான வகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நடும்போதுதான் ஒன்றையொன்று சூல்கொள்ள வைத்து விதையைப் பெருக்குகின்றன. ஆக, சேகரிப்பவரின் பெருமையே அக்கம்பக்கத்துக்கு ஆபத்தாகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய மலடான வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். அந்நிய மண்ணில் நடுபவர்கள் அவற்றைத் தேடி நடுவதுதான் நியாயம்.

இப்போது என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காய்ந்த புல்லின் அழகைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது சிறிய காரியமல்ல. ஆனால் அவர்கள் அறுக்கும் தாள் பெரும்பாலும் உரக்குழிக்குப் போகிறது. ஜப்பானிய மலைக் கிராமத்தில் அது கூரையானது. கூரைக்காக அறுத்ததால் புல்வெளி பிழைத்தது. புல்வெளி பிழைத்ததால் நிலா விழாவுக்குக் கதிர் கிடைத்தது. அழகும் பயனும் ஒரே அரிவாளில் கூடியிருந்த அந்த முறையே என் கணக்கில் ஒரு படி மேல்.

வெளிநாட்டில் இருக்கும் நேயர்கள் யாரேனும் இப்படியொரு புல் தோட்டத்தைப் பார்க்கப் போனால், கதிரை மட்டும் பார்த்துவிட்டுச் சபாஷ் போடாதீர்கள். அதை எந்த வெயிலும் கொடுத்துவிடும். குனிந்து தூரைப் பாருங்கள். பழைய தாள் ஒரே மட்டமாக அறுபட்டிருக்கிறதா, நடுப்பகுதி உயிரோடு இருக்கிறதா, சுற்றிலும் கேட்பாரற்ற நாற்றுகள் முளைத்திருக்கின்றனவா? இந்த மூன்றுக்கும் சரியான விடை கிடைத்தால், அந்தத் தோட்டக்காரர் கலை தெரிந்தவர்.