கிளிப் போடலாம், லேசருக்கும் கடன் வாங்கணுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்கு நாம் பல்லைப் பற்றிப் பேசப்போகிறோம். சிரிக்காதீங்க, இதிலும் நம் குழுப் பணம் இருக்கிறது.

நம் குழு ஒன்றில் ஒரு அக்கா. அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு. எத்துப்பல். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கும். கிளிப் போட அக்கா உள்கடன் கேட்டார். குழுவில் எல்லோரும் சம்மதித்துத் தீர்மானம் எழுதினார்கள்.

அடுத்த வாரமே அக்கா எங்களிடம் வந்தார். "மேடம், லேசர் வச்சா பாதி நாள்லயே முடிஞ்சிடும்னு சொல்றாங்க. இன்னும் பத்தாயிரம் வேணும். மாசாமாசம் டவுனுக்குப் போனா ஒரு நாள் கூலி போகுது, பஸ் காசு போகுது. அதுக்கு இது லாபம்தானே?" என்றார்.

கேட்டது நியாயமான கணக்கு. எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறோம்.

முதலில், பல் எப்படி நகர்கிறது? ஈர மண்ணில் நட்ட கம்பை ஒரு பக்கமாக விடாமல் இழுத்துக் கட்டினால் மெல்ல நகரும் அல்லவா? அதுபோலத்தான். கம்பி அழுத்தும் பக்கம் தாடை எலும்பு கரைகிறது. மறுபக்கம் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். அவசரப்பட்டு அதிகமாக இழுத்தால் பல்லின் வேர் கரையும். அதனால்தான் பலருக்கு ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிறது.

இந்த லேசர் வெட்டுகிற, சுடுகிற லேசர் இல்லை. குறைந்த சக்தி கொண்ட ஒளி. 1967-இல் ஹங்கேரி நாட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகள் மேல் இதைப் பாய்ச்சினார். அந்த எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. ஒளி பட்டால் உடலின் செல்கள் சுறுசுறுப்பாகும், எலும்பும் அப்படியே வேலை செய்யும் என்ற எண்ணத்தில்தான் ஈறின் மேலும் இதைக் காட்டுகிறார்கள்.

பலன் உண்டா? சில சிறிய ஆய்வுகளில் பல் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. கம்பி முறுக்கிய முதல் சில நாள் வலி குறைந்ததாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், பல நாட்டு மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒளியாலோ அதிர்வாலோ மொத்த சிகிச்சைக் காலம் குறிப்பிடும்படி குறைவதாகத் தெரியவில்லை, கிடைத்திருக்கும் ஆதாரமும் வலுவில்லை என்பதுதான் அதன் முடிவு.

இன்னொன்றும் கவனியுங்கள். லேசரை ஒரு தடவை காட்டினால் போதாது. பல ஆய்வுகளில் ஒவ்வொரு மாதமும் பலமுறை காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் பஸ் காசும் கூலி நட்டமும் குறையுமா, கூடுமா? நீங்களே சொல்லுங்க.

அந்த அக்காவிடம் மூன்று கேள்வி சொல்லி அனுப்பினோம். லேசருக்கு எத்தனை தடவை வரணும்? எத்தனை மாதம் குறையும், அதை எழுதித் தருவீர்களா? லேசர் இல்லாமலும் பல் சரியாகுமா? டாக்டர் கடைசிக் கேள்விக்கு, "தாராளமா சரியாகும்" என்றார். எழுதித் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். அக்கா இரண்டாவது கடன் வாங்கவில்லை.

காசில்லாமல் நாளை மிச்சப்படுத்த வழி இருக்கிறது. சொன்ன தேதிக்குத் தவறாமல் போகணும். முறுக்கு, கரும்பு, கடலைமிட்டாய் கடிக்கக் கூடாது. கிளிப் உடைந்தால் நாள் தள்ளிப்போகும். சாப்பிட்டதும் பல் துலக்கணும். கிளிப் எடுத்த பிறகு தருகிற ரீடெய்னரைப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பல் சீரமைப்புப் பிரிவு உண்டு. கடன் கேட்கும் முன் அங்கேயும் விசாரியுங்கள்.

பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கணும் என்று கடன் வாங்குவது தப்பில்லை. அந்தக் கடன் எதற்கு என்று கேட்டு வாங்குவோம். அந்தப் பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம் ஆகிறது. கிளிப் இன்னும் இருக்கிறது. ஆனால் வாயை மூடுவதில்லை.