ஓர் இடைச்சொல்லின் வேர்கள்



பெயருக்கும் வினைக்கும் வேர் தேடுவோர் பலர். இடைச்சொல்லைத் திரும்பிப் பார்ப்போர் சிலரே. கவிதையைத் திருத்த அமரும்போது நாம் முதலில் வெட்டியெறிவதும் அதைத்தான். ஆங்கிலத்தின் ‘அண்ட்’ என்னும் சிறு சொல்லுக்கு ஜெர்மானிய மொழிக்குடும்பத்தில் உள்ள உறவுகளை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

ஜெர்மன் மொழியில் அது ‘உண்ட்’; டச்சு மொழியில் ‘என்’; இத்திஷ் மொழியிலும் வட ஜெர்மனியின் கிளைமொழிகளிலும் ‘உன்’; லக்சம்பர்க் நாட்டில் ‘அன்’. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மன் ஏடுகளிலோ ‘அந்தி’, ‘எந்தி’, ‘இந்தி’, ‘உந்தி’ என நான்கு வடிவங்கள் கிடைக்கின்றன. நம் செவிக்கு அந்தியும் உந்தியும் வேறு பொருள் தருவன. அவ்வொலி ஒற்றுமையை நம்பி யாரும் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம் என்று இளைய நண்பர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே முடிந்த முடிபு இல்லை. ‘எதிரே, முன்னே’ எனப் பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பியச் சொல்லோடு இதனைச் சேர்ப்பார் உளர். கிரேக்கத்தின் ‘அந்தி’, இலத்தீனின் ‘அந்தே’, வடமொழியின் ‘அந்தி’ ஆகியவை அதன் வழிவந்தவை. விடையைக் குறிக்கும் ஆங்கில ‘ஆன்ஸர்’ முற்காலத்தில் ‘அண்ட்ஸ்வரு’ என்றிருந்தது. அதன் முற்பகுதிக்கு ‘எதிர்’ என்பதே பொருள். இக்கருத்து சரியெனில், அம்மக்கள் இரு பொருள்களை இணைத்தபோது ஒன்றன் முகத்துக்கு நேரே மற்றொன்றை நிறுத்தியிருக்கிறார்கள். கவிஞர்கள் பொறாமைப்படத்தக்க உவமை இது!

ஸ்காண்டிநேவிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கே வழங்குவது ‘ஓக்’. 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க் மன்னன் ஹரால்டு தன் பெற்றோர் நினைவாக யெல்லிங் என்னும் ஊரில் கல் நாட்டினான். தந்தை பெயருக்கும் தாய் பெயருக்கும் இடையில் ‘அவுக்’ என்று ரூன் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ‘பெருகு, கூட்டு’ என்னும் வேரிலிருந்து இது கிளைத்தது என்பது பெரும்பான்மையோர் கருத்து. இதன் ஆங்கில உறவான ‘ஈக்’ வழக்கொழிந்துவிட்டது. எனினும் பட்டப்பெயரைச் சுட்டும் ‘நிக்நேம்’ என்ற சொல்லுக்குள் அது இன்றும் ஒளிந்திருக்கிறது. ‘ஆன் ஈக்நேம்’, அதாவது கூடுதல் பெயர் என்று முன்பு வழங்கினர். முன்சொல்லின் ‘ன்’ நழுவிப் பின்சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

கோதிய மொழியை மறத்தலாகாது. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா பெயர்த்த விவிலியத்தில் இணைப்புக்கு ‘யஹ்’ வருகிறது. அதனுடன், சொல்லின் ஈற்றில் ஒட்டும் ‘உஹ்’ என்பதும் உண்டு. வடமொழி ‘ச’, இலத்தீன் ‘க்வே’ ஆகியவை இதற்கு உறவு. நம் உம்மையும் இவ்வாறே முன்சொல்லைப் பற்றி நிற்கிறது. ஆனால் அது இன உறவன்று, பழக்க ஒற்றுமை மட்டுமே. பிற்கால ஜெர்மானிய மொழிகளில் இவ்வொட்டு தேய்ந்து, தனித்து நிற்கும் சொல்லே நிலைத்தது.

நமக்கோ அந்த ஒட்டு இன்னும் உயிரோடிருக்கிறது. தொல்காப்பியர் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறினார். எண்ணுப்பொருள் அவற்றுள் ஒன்று. அப்படியிருக்க, ‘அண்ட்’ கண்ட இடமெல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘மற்றும்’ இட்டு நிரப்புவது எனக்கு உடன்பாடன்று. யெல்லிங் கல்லைத் தமிழாக்கும் வாய்ப்பு வருமாயின், ‘தந்தை மற்றும் தாய்க்கு’ என்று எழுத என் கை வராது. ‘தந்தைக்கும் தாய்க்கும்’ என்றே எழுதுவேன்.