‘மா’ என்னும் ஓரெழுத்து ஒருமொழி

நன்னூலார் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 எனக் கணக்கிட்டார். அவற்றுள் ஒன்றாகிய ‘மா’ என்னும் சொல்லைச் சிந்திக்கச் செஞ்சியினும் பொருத்தமான ஊர் வேறில்லை. இராசகிரிக் கோட்டை பல மொழிகளைக் கேட்ட கோட்டை.

நாயக்க மன்னரின் தெலுங்கில் ‘மா’ என்றால் ‘எங்கள்’. கேட்போரையும் உளப்படுத்தும் ‘நம்’ அன்று. அதற்கு ‘மன’ என்பர். 1698இல் கோட்டையைக் கைப்பற்றிய முகலாயரின் அரசவை மொழி பாரசீகம். அதில் ‘மா’ என்பது ‘நாம்’. 1750இல் வந்த பிரெஞ்சுக்காரர்க்கோ, பெண்பாற் பெயரின் முன் வரும் ‘என்னுடைய’. எங்கள், நாம், என்னுடைய! கோட்டையைப் பிடித்தவர் எல்லாரும் சொன்னது இதுதானே!

உருதுவில் இச்சொல் மூக்கொலியுடன் தாயைக் குறிக்கும். 1677இல் வந்த மராட்டியரோ தாயை ‘ஆயி’ என்றனர். நம் சிற்றூர்களிலும் ‘ஆயி’ உண்டு. சீனத்தில் ஒரு தொனியில் தாய், வேறொரு தொனியில் குதிரை. தமிழிலும் ‘மா’ குதிரையாதலின் உறவு கொண்டாடத் தோன்றும். ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது.

வடமொழியில் ‘மா’ விலக்கும் சொல். ‘வேண்டா’ என்பது பொருள். அன்றில் இணையில் ஒன்றை வீழ்த்திய வேடனை நோக்கி வான்மீகி முனிவர் கூறிய சுலோகத்தின் முதற்சொல் அதுவே. ஆனால் ‘மா’ திருமகளுக்கும் பெயர். ஆகவே உரைகாரர் அச்சொல்லை அடுத்த சொல்லோடு சேர்த்துத் ‘திருமகள் உறையும் பெருமானே’ என விளியாக்கினர். வேடன் மேல் விழுந்த சாபம், இராமபிரானுக்கு வாழ்த்தாயிற்று. எழுத்து மாறவில்லை, பிரித்த இடம் மாறியது, அவ்வளவே.

தமிழில் வாயிலிற் கட்டுவது மாவிலை. அம்மன்முன் ஏற்றுவது மாவிளக்கு. முன்னது மரம், பின்னது அரிசிமாவு. மாயோன் என்னுமிடத்துக் கருமை. மாநகர் என்னுமிடத்துப் பெருமை.

இவற்றினும் திருக்கோயிலுக்கு இன்றியமையாத பொருள் ஒன்றுண்டு. கல்வெட்டுகளில் ‘மா’ நிலவளவை. இருபதில் ஒரு பங்கே மா. இருபது மா ஒரு வேலி. தஞ்சைப் பக்கம் ஒரு மா, ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. திருவிளக்குக்கு விடப்பட்ட ‘இரண்டு மா’வை இரண்டு மாமரம் என ஒருவர் படியெடுத்துவிட்டால், விளக்குக்கு எண்ணெய் தரும் நிலம் ஏட்டினின்று மறைந்துபோம். மரம் பட்டுப்போயிற்று என்று கூறிக் கணக்கை முடித்தும் விடலாம். ஆதலின் கல்வெட்டில் ‘மா’வைக் காண்போர் அதன் அருகே வேலி, காணி, முந்திரிகை ஆகிய சொற்கள் வருகின்றனவா என்று நோக்குக. வந்தால் அது நிலமே.