அம்மாவின் கைரேகை

போன எபிசோடில் அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 படிவத்தைப் பற்றிப் பேசினோம். அதுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி, "பயோமெட்ரிக்ஸ் அப்பாயின்ட்மென்ட்ல என்ன பண்ணுவாங்க, பயப்படணுமா?" என் அனுபவத்தை மட்டும் வச்சுச் சொன்னா, பயப்பட ஒண்ணுமே இல்லை. ஆனா என் அம்மாவுக்கு நடந்தது வேற. இன்னைக்கு ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல அடிப்படை விஷயம். விண்ணப்பம் போட்ட பிறகு யு.எஸ்.சி.ஐ.எஸ்.-இடமிருந்து ஒரு கடிதம் வரும். தேதி, நேரம், எந்த மையம் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடிதத்தையும் கிரீன் கார்டையும் எடுத்துட்டுப் போகணும். பத்து விரல் ரேகை, ஒரு போட்டோ, ஒரு டிஜிட்டல் கையெழுத்து, அவ்வளவுதான். போட்டோவை அவங்களே எடுப்பாங்க. முன்னாடி இதுக்குத் தனியா 85 டாலர் கட்டணும். 2024 ஏப்ரல் 1-லிருந்து அது விண்ணப்பக் கட்டணத்திலேயே சேர்ந்துடுச்சு. முன்னாடி சிலருக்கு, ஏற்கெனவே கொடுத்த ரேகையையே பயன்படுத்திக்கிறோம்னு கடிதம் வந்ததுண்டு. அவங்க போகவே வேண்டியிருக்கலை.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தேதியில் போக முடியலைன்னா, முன்கூட்டியே ஆன்லைன் கணக்கில் தேதி மாத்திக்கோங்க. சொல்லாம கொள்ளாம விட்டுட்டா, விண்ணப்பத்தையே கைவிட்டதா எடுத்துக்க முடியும்.

எனக்கு இது பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சது. அதை நம்பித்தான் அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன்.

எங்க ஊர் ஆலங்குளம் பக்கம். அம்மா முப்பது வருஷம் பீடி சுத்தினவங்க. சொளவை மடியில வச்சுக்கிட்டு, இலையை வெட்டி, தூளை வச்சு உருட்டி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. என் காலேஜ் ஃபீஸ் அதுல வந்ததுதான். அந்த விரல் நுனியெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கும். ஊர்ல ஆதார் எடுத்தப்பவே ரேகை விழாம ரொம்ப நேரம் போராடினாங்க. அது எனக்கு அன்னைக்கு ஞாபகமே வரலை.

மொழிக்கு உதவியா என்னையும் உள்ளே விட்டாங்க. மிஷின் கண்ணாடியில் அம்மா விரலை வைக்க, அந்த ஊழியர் மெதுவா உருட்டினாங்க. விழலை. துடைச்சு, ஈரப்படுத்தி, மறுபடி. நாலு தடவை ஆச்சு. அவங்க அன்பாத்தான் கேட்டாங்க, "உங்க அம்மா என்ன வேலை பார்த்தாங்க?"

நான் சொன்னேன், "டெய்லர்."

ஏன் சொன்னேன்னு இப்பவும் தெரியலை. அது படிவத்தில் இருக்கிற கேள்வி இல்லை, சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். ஆனா டெய்லர்ங்கிற வார்த்தை அம்மாவுக்குத் தெரியும். ஒண்ணும் சொல்லாம, கடைசியா கையெழுத்துப் போட்டாங்க. விண்ணப்பத்தில் இருக்கிறதெல்லாம் உண்மைன்னு மறுபடியும் உறுதி சொல்ற கையெழுத்து அது. கார்ல ஏறினதும் கேட்டாங்க: "பீடின்னு சொல்ல வெக்கமா இருந்துச்சோல?"

என்கிட்ட பதில் இல்லை.

சில வாரத்தில் கடிதம் வந்தது. எஃப்.பி.ஐ.-யால ரேகையைப் படிக்க முடியலை, திரும்ப வாங்கன்னு. "நான் என்னல தப்பு பண்ணினேன்?"னு அம்மா கேட்டாங்க. ரேகை படிக்க முடியலைன்னா குற்றம் இருக்குன்னு அர்த்தம் இல்லைம்மான்னு புரிய வைக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. தினமும் ராத்திரி கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சோம். பாத்திரம் தேய்க்க விடலை.

ரெண்டாவது தடவை வேற ஊழியர். அவர் கேக்கலை, நானே சொன்னேன்: "எங்க அம்மா முப்பது வருஷம் பீடி சுத்தினாங்க, அதான் ரேகை தேஞ்சிருக்கு." அவருக்குப் பீடின்னா என்னன்னு தெரியலை. அம்மா சிரிச்சுக்கிட்டே வெறுங்கையால ஒண்ணு சுத்திக் காட்டினாங்க. விரல் அந்த வேகத்தை இன்னும் மறக்கலை.

அந்தத் தடவையும் ரேகை விழலைங்க. ஆனா அதோட கதை முடியாது. உங்க வீட்டுப் பெரியவங்களுக்காக இதை நல்லா குறிச்சுக்கோங்க: ரெண்டு முறை எடுத்தும் படிக்க முடியலைன்னா, அவங்க குடியிருந்த ஊர்களோட போலீஸிடமிருந்து, குற்றப் பதிவு இல்லைன்னு கடிதம் வாங்கிக் கொடுக்கலாம். நேர்காணலில் அதிகாரி சத்தியப் பிரமாண வாக்குமூலமும் வாங்கிக்குவார். வயல் வேலை, கட்டட வேலை, சமையல் வேலைன்னு கையால உழைச்ச யாருக்கும் இது நடக்கலாம். அதனால முதல் தடவை போறதுக்குச் சில வாரம் முன்னாடியே கையைக் கவனிச்சுக்கோங்க. விரலில் வெட்டுக்காயம் இருந்தா தேதியை மாத்திக்கோங்க.

அம்மாவுக்குப் போன மாசம் நேர்காணல் முடிஞ்சது. வேலையைப் பற்றிப் பேச்சு வந்தப்போ, நான் பக்கத்துல இல்லாமலே, தன்னோட இங்கிலீஷ்ல அவங்களே சொல்லிட்டாங்களாம்: "ஐ மேக் பீடி. தர்ட்டி இயர்ஸ்." இப்ப உறுதிமொழி விழாவுக்குக் காத்திருக்கோம்.

அதுக்கப்புறம் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும், ஓசிஐ எடுக்கணும். அது அடுத்த எபிசோட். உங்க வீட்டிலேயும் இப்படி ஒரு கை இருந்தா எழுதி அனுப்புங்க.